சிரை

ட்ராப்ஸோன் துறைமுகத்துக்கு மேலே
மூன்றாவது சந்தில் நெவ்ஸாத்தின் சலூன்.
பதினான்கு மாதமாக அவர் முகத்தில்
பாதிக்கு மட்டும் தாடி.

இடது பக்கம் கத்தி போகாது.
தண்ணீர் போகாது. துவாலையின் ஓரம்கூடப் போகாது.
கதவைத் திறக்கிற ஆளோடு
கருங்கடல் காற்றும் சேர்ந்து நுழைந்தால்
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.
"மின்னல் மாதிரியா?" என்று கேட்டவரிடம்
"மின்னினால் மழையாவது வரும்" என்றார் ஒருமுறை.
பிறகு பேச்சையும் குறைத்துக்கொண்டார்,
வாயசைந்தாலே அது விழித்துக்கொள்வதால்.

பல்மருத்துவர் முதலில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்.
அப்புறம் பக்கத்துப் பல்லை.
இரண்டும் நல்ல பற்கள்.
தீப்பெட்டியில் போட்டுக்
கல்லாவுக்குள் வைத்திருக்கிறார்,
யாரிடம் நியாயம் கேட்பதென்று தெரியாமல்.

மாத்திரை வந்தது. வலி பாதியானது.
உலகமும் பாதியானது:
பெயர்கள் நழுவின, தரை சாய்ந்தது,
இழுவைப்படகு ரஸீம் எட்டு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு
ஒப்படைத்த தொண்டையில்
மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு.
ரஸீம் ஒன்றும் சொல்லவில்லை.
எலுமிச்சைக் கொலோனைத் தானே ஊற்றித் தேய்த்துக்கொண்டு
காசை முழுசாக வைத்துவிட்டுப் போனார்.
அன்று மாலை நெவ்ஸாத் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்.

டாக்டர் மெவ்ஹிபே ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டினார்.
"வழக்கமாக ஒரு தமனி இருக்கும், துடித்துத் துடித்து இடிக்கும்.
உங்களுக்கு அப்படித் தெரியவில்லை.
திறந்தால்தான் சொல்ல முடியும்."

காதுக்குப் பின்னே முடியெடுக்க
ஒரு நர்ஸ் மெஷினோடு வந்தாள்.
"கொடும்மா, நானே சிரைத்துக்கொள்கிறேன்."
கொடுக்கவில்லை.
மயக்கமருந்து ஏறும்வரை
அந்த ஓரம் கோணல், கோணல்
என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒரு லிரா நாணயம் அளவு ஓட்டை.
சிறுமூளையை மெல்ல ஒதுக்கி
நுண்ணோக்கி வழியே எட்டிப்பார்த்தால்
நீலமாக ஒரு சிரை.
துடிக்கவில்லை. இடிக்கவில்லை.
முடிவெட்டவும் உட்காராமல், கிளம்பவும் மனசில்லாமல்
சலூன் வாசலில் நிற்கிற ஆள் மாதிரி
நரம்பின்மேல் சும்மா சாய்ந்திருந்தது.
சாய்ந்த இடத்தில் ஒரு பள்ளம்.
அவ்வளவுதான்.
அதற்குக் கோபம்கூட இல்லை.

சுட்டு, அறுத்து, விலக்கி,
இடையில் ஒரு துணுக்கு டெஃப்ளான் பஞ்சு வைத்து
மூடினார்.

கண்விழித்ததும் நெவ்ஸாத் காத்திருந்தார்.
நர்ஸ் தேநீர் கொண்டுவந்தாள், ஆறட்டும் என்றார்.
ஆறியும் குடிக்கவில்லை.
விடியும்வரை வலியின் காலடிக்குக்
காது கொடுத்தபடி கிடந்தார்.
இடது காதில் மட்டும் புதிதாக ஓர் இரைச்சல்,
அடுத்த அறையில் யாரோ
கெண்டியை அடுப்பில் மறந்துவிட்ட மாதிரி.

"சிரைகளை நம்ப முடியாது" என்றார் மெவ்ஹிபே.
"ஒன்றை அறுத்தால் வேறொன்று வழி தேடும்.
திரும்ப வரலாம். வராமலும் போகலாம்."
எத்தனை நாள் என்று இவரும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள்
பூட்டிய கடைக்குள், தன் நாற்காலியில் தானே உட்கார்ந்து
கத்தரியால் முதலில் குறைத்தார்.
பிறகு நுரை.
பிரஷ் இடது கன்னத்தைத் தொட்டதும் நின்றது கை.
வெளியே ஒரு லாரி பின்வாங்கிக்கொண்டிருந்தது.
அது போய்ச் சேரும்வரை மூச்சு விடவில்லை.
அப்புறம் கத்தியை எடுத்தார்.

வெயிலே படாத தோல், வெளுத்து,
வேறு யாருடையதோ போல.

குல்ஃபெர் விரல்களின் பின்பக்கத்தால் தொட வந்தாள்.
அவர் முகம் தானாக விலகியது.
வலியில்லை, பழக்கம்.
அவள் கையை இறக்கவில்லை.
அங்கேயே, காற்றில் வைத்திருந்தாள்,
கன்னம் திரும்பி வரட்டும் என்று.