நூற்றிருபது

கொரிந்தோவில் ஜூலை மாதக் குளிர்காலை.
லாரி கொட்டிவிட்டுப் போன செம்மண் குவியலில்
கற்கள் இன்னும் கற்களாகவில்லை.
பிடுங்கிப் போட்ட மரவள்ளிபோல் கிடக்கின்றன.

தல்சீரா குழாயைத் திறக்கிறாள்.
முதலில் ஒரு விளிம்பு.
பிறகு, தண்ணீர் திடீரென்று
எங்கே திரும்ப வேண்டுமென்று அறிந்துகொண்டதுபோல்
ஒரு முகம்,
அதை ஒட்டி இன்னொன்று.

குவார்ட்ஸுக்குப் பக்கம் ஆறு.
சொல்வது எளிது.
இந்தக் கல்லில் ஒரு பக்கம் உள்ளங்கை அகலம்.
அதன் அண்டைப் பக்கமோ நூலிழை;
வெளிச்சத்தில் சாய்த்தால் உண்டு,
நிமிர்த்தினால் இல்லை.
உச்சியிலும் மூன்று பெரிது, மூன்று சிறிது,
அவையும் ஒரு புள்ளியில் கூடவில்லை,
கோடாலி வாய்போல் ஒரு கோட்டில் முட்டி நிற்கின்றன.

மலைக்குள் ஒரு பொந்து, அதில் வெந்நீர், அவ்வளவுதான் தொடக்கம்.
வேகமாக வளர்ந்த முகம்
வளர்ந்து வளர்ந்தே குறுகிப்போனது.
மெதுவாக நகர்ந்தது அகன்று நிலைத்தது.
யாரும் பார்க்காத இருட்டில்
இத்தனை காலம் நடந்த இந்தக் கணக்கை
தல்சீரா கட்டைவிரல் நகத்தால் படிக்கிறாள்:
பக்கங்களின் குறுக்கே ஓடும் மெல்லிய வரிகள்,
நகம் ஏறி இறங்குகையில்
சீப்பை வருடிய சத்தம்.

மேசை இழுப்பறையில் பித்தளைக் கோணமானி.
கண்ணாடியைக் கல்லென்று விற்பவர்களைப் பிடிக்க
முதலாளி அனேசியோ வாங்கிப் போட்டது,
பிறகு மறந்தது.
மதியம், பீன்ஸும் சோறும் தின்ற கையைத் துடைத்துவிட்டு
அவள் அதன் இரண்டு கால்களையும்
அடுத்தடுத்த பக்கங்களில் அணைத்து வைப்பாள்.
நூற்றிருபது.
சுண்டுவிரல் கல்லில் நூற்றிருபது.
இரண்டு ஆள் தூக்கும் கல்லில் நூற்றிருபது.
பாதி உடைந்து, மீதி கறுத்து,
சாக்கடையோரம் கிடந்ததில்,
நூற்றிருபது.
அகலம் எப்படியும் போகட்டும்,
திரும்பும் இடத்தில் அது திரும்புகிற விதம் மட்டும்
மாறவேயில்லை.

மணி ஒன்று. சாணைச் சக்கரம் சுழல்கிறது.
மிலானிலிருந்து ஆர்டர்: நாற்பது துண்டு,
ஆறும் சமமாக, நுனி ஊசியாக.
பட்டை தீட்டினால்தான் பளபளப்பு என்பார்கள்.
தீட்டுகிறாள்.
வரிகள் முதலில் போகின்றன,
பால்போல் ஒரு குழம்பு மணிக்கட்டில் வழிகிறது,
அகன்றது ஒடுங்குகிறது, நூலிழை அகல்கிறது.
கழுவித் துடைத்தால் கண் கூசும் அழகு.
கோணமானி வைத்தால்
நூற்றுப் பதினேழு. நூற்று இருபத்து நான்கு.
மலை அறியாத எண்கள்.
அவற்றைச் செய்தது இவள் கை,
அவற்றால்தான் வீட்டுக்குக் கூரை.

"ஆறு பக்கமும் ஒரே அகலம்னா
அது கல்லில்லை, பென்சில்" என்கிறாள்
பக்கத்துச் சக்கரத்து இவோனில்டி,
பென்சில் ஒன்றைச் சக்கரத்தில் அழுத்திக்கொண்டே.
இருவரும் சிரிக்கிறார்கள்.
சக்கரச் சத்தத்தில் சிரிப்பு வாயில் மட்டும் தெரிகிறது.

காலையில் கழுவிய கோணல் கல்லின் முறை வருகிறது.
அதை எடுக்கிறாள்.
சக்கரத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில்
கை நிற்கிறது.
"அதுக்கென்ன?" என்கிறான் அனேசியோ.
"உள்ளே விரிசல். சூட்டில் வெடிச்சிடும்."
விரிசல் ஏதுமில்லை.
பதினொரு வருட வேலையில்
கல்லைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய்,
கல்லின்மீது அவள் சொன்ன பொய்களைக்
கணக்கில் சேர்க்காவிட்டால்.

கழிவு மூட்டைகள் வெள்ளிக்கிழமை உலைக்குப் போகும்.
அதிலும் போடவில்லை.
வீட்டுக்கும் கொண்டுபோகவில்லை,
அங்கே அது வெறும் திருட்டாகிவிடும்.
மாலைக் காற்றில் படீர் படீரென்று அடித்துக்கொள்ளும்
பட்டறைக் கதவுக்கு
அண்டைக் கல்லாக வைத்தாள்.

அகன்ற பக்கம் தரையில்,
வரிகளில் செம்மண் மறுபடி ஏற,
கதவு இப்போது நிற்கிறது.
எவ்வளவு திறந்து நிற்கிறதென்று
அவள் அளக்கவில்லை.