ஈயம் என்று கேட்டேன்

முதல் படிவத்தில் பதினேழாம் கேள்வி:
வீட்டில் ஈயம் உண்டா?
எழுதியவள் நான். வயது முப்பத்துமூன்று.
பட்டத்தின் மை காயவில்லை.

மூக்கையூரில் நாற்பத்திரண்டு வீடு ஏறி இறங்கினேன்.
சீராக வந்த பித்தளை அண்டாவைக்
கவிழ்த்துக் காட்டினார்கள், உட்பூச்சு தெரிய.
இதனால் கெடுதலில்லை என்று நானே சொல்லி
'இல்லை' என்ற கட்டத்தில்
நாற்பத்திரண்டு முறை சரி போட்டேன்.

ரத்தம் வேறு சொன்னது.

ராமநாதபுரத்தில் எங்கள் ஆய்வறை
முன்பு அரிசி மண்டி. கருவி உள்ளே நுழைய
வாசல் நிலையைப் பெயர்த்தோம்.
ஈயத்தின் விளக்கை ஏற்றினால்
அந்த ஒளியை ஈயம்தான் விழுங்கும்.
வேறெந்த உலோகமும் திரும்பிப் பார்க்காது.
எவ்வளவு இருள்கிறதோ அவ்வளவு இருக்கிறது.
நான் கற்ற வித்தை மொத்தமும் இவ்வளவே;
மீதியெல்லாம் குப்பி கழுவுவது.

அமிலத்தில் ஊறவைத்து, அலசி, மறுபடி ஊறவைத்து.
வளையல் இல்லை, மோதிரம் இல்லை, பவுடர் இல்லை.
இருபத்தேழு வருடமாகக் கல்யாண வீடுகளில்
'பாவம், என்ன கஷ்டமோ' என்று பார்க்கப்பட்டவள்.

ரெக்ஸ்லின். நான்கு வயது.
பத்தைத் தாண்டக் கூடாத எண், முப்பத்தெட்டு.
குப்பியில் அழுக்கு என்று நினைத்தேன்.
மறுபடி எடுத்தோம். முப்பத்தொன்பது.
இரும்பு உட்கார வேண்டிய இடத்தில்
துத்தநாகம் உட்கார்ந்திருந்தது;
புற ஊதா ஒளியில் பிடித்தால்
ஊதிவிட்ட கங்கு மாதிரிச் சிவந்தது.
கிணற்றுத் தண்ணீர் பார்த்தேன். மஞ்சள்தூள். கண்மை.
பொம்மை. படகுச் சாயம்.
இரண்டு வருடம்.

சொல்லாமல் போன ஒரு மதியம்
அவள் அம்மா செபஸ்தியம்மாள்
சோறு வடித்த அதே அடுப்பில்
பழைய பேட்டரித் தகடுகளை உருக்கிக்கொண்டிருந்தாள்.
ரெக்ஸ்லின் ஆறின துண்டுகளை நரம்பில் கோத்து
ஒவ்வொன்றாகப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

'என்ன இது?'
'குண்டு. வலைக்கு.'
'இதுதான் ஈயம்.'
'நீங்க அண்டாவுல பூசுறதையில்ல கேட்டீக.'

காரீயம், வெள்ளீயம்:
பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண்ணுக்குப் படித்தது.
முன்பாதியை நான் விழுங்கியிருந்தேன்,
அவள் மகள் மீதியை.

கட்டுரையில் அது அடிக்குறிப்பு. ஒரு வரி.

அப்புறம் வேறு குண்டு தேடினோம்.
இரும்பு துருவேறி வலையைத் தின்றது.
சிமென்ட் உப்பில் உதிர்ந்தது.
குண்டில்லாத வலை மிதக்கும்;
மிதக்கிற வலையை வட்டிக்காரன் ஒத்துக்கொள்வதில்லை.
கடைசியில் நடந்தது இதுதான்:
அடுப்பு வீட்டைவிட்டுக் கரைக்குப் போனது.
வாடை அடிக்கும் நாளில் மட்டும் உருக்குவது,
புகை கடல் பக்கம் போகும்படி.
யோசனை செபஸ்தியம்மாளுடையது.
அச்சானது என் பெயரில்.

ஈயம் யாருக்கும் ஈயாது,
எலும்புக்குள் போனால் போனதுதான் என்று
வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.
அதுவும் தப்பு.
சூல் கொண்டால் எலும்பு இளகும்,
சுண்ணாம்பு கேட்கிற சிசுவுக்குச்
சுண்ணாம்போடு அதையும் எடுத்துக் கொடுக்கும்,
எத்தனை வருடம் ஆகியிருந்தாலும்.

ஓய்வுக்கு இன்னும் ஒன்பது நாள்.
ரெக்ஸ்லின் வந்திருக்கிறாள். ஆறு மாதம்.
ஒரு பையில் நகரை மீன், கசியக் கசிய.
காஜா முகைதீன் குழாயை வாங்கி உள்ளே போகிறார்.
விளக்கு நிதானத்துக்கு வர அரைமணி ஆகும்.

'எவ்வளவு இருக்கும்க்கா?'
'மாத்திரை ஒழுங்காப் போடுறியா?'
'போடுறேன். சாக்கட்டி மாதிரி இருக்கு.'

மின்விசிறி சுற்றுகிறது.
பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து
முந்தானையில் பிரிந்த நூலைப்
பல்லால் கடித்து அறுக்கிறாள்.