தையல் கூலி

வொலீனியா, 1942

காவலர் சட்டை ஒனுஃப்ரிக்குப் பெரிது.
இரண்டு விரற்கடை
கையைக் குறைத்துத் தந்தவர் ஆற்றுத் தெரு ஸெல்மான்.
கூலி அடுத்த வாரம் என்றான் என் கணவன்.

அடுத்த வாரம்
விடியுமுன் போய் அந்தக் கதவைத் தட்டினான்.
ஜெர்மானியர் இருவரே, வண்டியைவிட்டு இறங்கவில்லை.
எந்த வீட்டில் எத்தனை தலை என்பது
எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அத்துப்படி.

கதவைத் திறந்த ஸெல்மான்
முதலில் சட்டைக் கையைத்தான் பார்த்தாராம்:
"அக்குளில் பிடிக்கவில்லையே?"

சூப்பில் ரொட்டியைத் தோய்த்தபடி
அவனே சொன்னான்.
செங்கல் சூளையைப் பற்றிச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

முதல் பனியில் மடிப்பு பிரிந்துவிட்டது.
தைத்துக் கொடு என்கிறான்.
ஊரெல்லாம் அலைந்தேன், கறுப்பு நூல் இல்லை.

இருக்கும்,
கட்டிலடியில்,
அன்று அவன் தூக்கிவந்த பெட்டியில்.