தளும்பாமல்

வாலிநோக்கம், புயல் காப்பகக் கூடம்.
ஒன்பது பாய்.
பிலாட்டீஸ் என்றேன்.
"பிலாத்துவா? கை கழுவினானே, அவனா?"
ரோஸ்லின் கேட்டுவிட்டாள்.
சிரித்து முடிக்கவே கால் மணி நேரம்.

கூபகம் என்றேன்.
"கோவமா? எனக்கா?" என்றாள் முத்துராக்கு,
உப்பளத்தில் பதினாறு வருஷம் குனிந்தவள்.
சேக்ரம், இலியம்,
விலாவை உருகவிடு,
தோள்பட்டையைப் பின்பாக்கெட்டில் போடு.
கோயம்புத்தூரில் எல்லாம் செல்லுபடியான வார்த்தைகள்.
இங்கே நைட்டிமேல் துண்டு போட்டவர்களுக்கு
ஏது பின்பாக்கெட்?

நியூட்ரல் என்றபோது மட்டும்
பௌசியா தலையாட்டினாள்.
மகன் மீன்வண்டி ஓட்டுகிறான்.
"எந்த கியர்லயும் விழாம நிக்கிறது."
அதேதான் என்றேன்.
ஆனாலும் அவள் இடுப்பு
இரண்டாம் கியரிலேயே கிடந்தது.

மூன்றாவது வாரம், நம்பிக்கையில்லாமல்,
பாடத்தில் இருந்ததையே சொன்னேன்:
இடுப்பெலும்பு ஒரு கிண்ணம்,
விளிம்பு வரைக்கும் தண்ணீர்.

"என்ன தண்ணி?"

நல்ல தண்ணி.

ஒன்பது இடுப்பும் அப்படியே நின்றன.
குடம் பன்னிரண்டு ரூபாய்.
ஆறு குடம் தள்ளுவண்டியில் ஏற்றி
மணல் தடத்தில் வீடுவரை தள்ளுகிறவர்கள்.
நான் தொட்டுக் காட்டியும் அகப்படாத
அடிவயிற்று ஆழத்துத் தசை
பேர்கூடக் கேட்காமல்
குடத்து வாயில் கட்டிய துணிபோல
விறைத்து இழுத்துக்கொண்டது.

மூச்சு விடுங்க, என்றேன்.
யாரும் விடவில்லை.

ஒரு காலைத் தூக்குங்க. சிந்தக் கூடாது.
முத்துராக்கு தூக்கினாள்.
முழங்கால் நடுங்கியது, கிண்ணம் நடுங்கவில்லை.
அவள் இடுப்பின் மேல்விளிம்பில் விரல் வைத்தேன்.
இலியாக் கிரெஸ்ட், என்று வாய் வந்தது.
"இதுவா?
இது குடம் இடுக்குற எலும்புல்ல."
இடப்பக்கம் ஒரு விரல்கடை
உயர்ந்தேயிருந்தது.

என் நோட்டில் அந்தப் பெயரை எழுத
பேனா மூடியைத் திறக்கிறேன்,
வெளியே தண்ணி லாரி ஹாரன்.

பக்கவாட்டில் புரண்டு, கையூன்றி, தலை கடைசியாக
எழச் சொல்லியிருந்தேன்.
எட்டுப் பேர் எப்படி எழுந்தார்கள்
என்று பார்க்கக்கூட முடியவில்லை.

கூடத்தில் காலைத் தூக்கியபடியே
முத்துராக்கு கத்தினாள்:
"ஏ டீச்சர், எங்கிண்ணத்த
யாரு புடிப்பா?"