கிலோமீட்டர் படிவம்

ஐந்தரைக்கு வேனில் ஏற்றியது:
இன்சுலின் பெட்டி, அதற்கு ஐஸ் பாளம் நான்கு,
புண்ணுக்குக் கட்டுத்துணி, சிறுநீர்ப் பை,
ஆக்சிஜன் சிலிண்டர் இரண்டு.
ஒன்றில் முள் பாதிக்குக் கீழே.
டிப்போவில் இருந்தது அவ்வளவுதான்.

இதே ஏற்றத்தில் பதினாறு வருஷம் ரொட்டி வேன் ஓட்டியவன் நான்.
சாட்ஸ்வொர்த்தில் எந்த வீட்டு நாய் கடிக்கும்,
எந்தக் கேட்டை உதைத்தால் திறக்கும்,
எல்லாம் கால் அறியும்.
ரொட்டி அரைமணி பிந்தினால் திட்டு விழும்.
இந்தச் சரக்கு வேறு.

சிஸ்டர் ஹ்லெங்கிவே மடியில் இரண்டு தாள்:
நோயாளிகள் பட்டியல்,
கரண்ட் போகும் பட்டியல்.
ஒன்றின்மேல் ஒன்றை வைத்து
வேன் கண்ணாடியில் அழுத்தி வெளிச்சத்தில் படித்தாள்.
பத்து மணிக்கு இரண்டு பேருக்குமே போகிறது.
ஜூலுவில்தான் சொன்னாள்;
என் வயிற்றில் தமிழில் விழுந்தது.

முழு சிலிண்டர் கிராஸ்மூர் மேட்டுக்கு,
ரங்கசாமி கவுண்டருக்கு.
மகன் கடைசிப் படியில் நின்று வாங்கிக்கொண்டான்.
கையெழுத்துப் போடப் பேனா தேடினான்,
அதில் நாலு நிமிஷம்.

தயாநாயகிக்கு மிச்சமிருந்த பாதி.
கணக்குப் போட்டோம்: ஒன்றேகால் மணி நேரம் வரும்.
கரண்ட் வர இரண்டரை மணி.
நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி
எங்கள் கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.
"நான் கொஞ்சம் மெதுவா மூச்சு விடட்டுமா?" என்றாள்.

பத்து. மெஷின் ஒருமுறை கத்தி அடங்கியது.
சிலிண்டரைத் திறந்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.
எதிர்ச்சாரியில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.
ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு பிளாக்.
அங்கே இரண்டு மணிக்குத்தான் போகும்.

டிங்கர் கடை ஹாரூன் எதுவும் கேட்கவில்லை.
கம்ப்ரஸரைப் பிடுங்கினான்,
ஆரஞ்சு ஒயர்ச் சுருளை உருட்டிக்கொண்டு வந்தான்.
அவன் மனைவி பழைய கம்பளம் ஒன்றை
ஒயர்மேல் விரித்தாள், ரோட்டின் குறுக்கே,
கல்யாண வீட்டுக்கு விரிப்பதுபோல் ஓரங்களை இழுத்துவிட்டு.
பிளக் செருகியதும் உள்ளே
மெஷின் தொண்டையைக் கனைத்தது.
சிலிண்டரை மூடினோம். முள் இன்னும் கொஞ்சம் நின்றது.

பிறகு ஒரு மினிபஸ் டாக்சி. ஹாரன் அடித்தான்.
இறங்கினான், என்னைத் திட்ட வாயெடுத்தான்.
ஒயர் எந்த வீட்டுக்குள் போகிறது என்று
கண்ணால் தொடர்ந்துபோய்ப் பார்த்தான்.
பதினான்கு பேரோடு ரிவர்ஸ் எடுத்தான்.

மற்றவர்கள் காத்திருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.
எஸ்தரம்மாவின் இன்சுலின் ஒன்றரை மணி பிந்தியது.
சோற்றைத் தொடாமல் தட்டால் மூடி வைத்திருந்தாராம்.
புண் கட்ட வேண்டிய பையன் மூன்று முறை போன் செய்தான்.
சிஸ்டர் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு
ஏழாம் யூனிட் இறக்கத்தில் நடந்தே போனாள்.
நான் கம்பளத்துக்குக் காவல்,
கையில் ஹாரூன் வீட்டுச் சிவப்பு வாளி.

மாலையில் படிவம்.
பத்து முதல் பன்னிரண்டரை வரை ஓடிய தூரம்?
பூஜ்யம் என்று எழுதினேன்.

ஆபீசிலிருந்து போன்:
வேன் பழுதா, தூங்கிவிட்டாயா?
அளந்து பார்க்கவில்லை,
ஒரு பதினொரு மீட்டர் இருக்கும் என்றேன்.
அதற்குக் கட்டம் இல்லையாம்.

நாளைக்கு எத்தனை சிலிண்டர் என்று கேட்டேன்.
லைனில் தாள் புரளும் சத்தம்.