மூன்று புள்ளி

நாற்பது மைலில் நடுங்குகிறது என்றார் அபு சுஹைல்.
முப்பத்தெட்டில் இல்லை, நாற்பத்தைந்தில் இல்லை,
சரியாக நாற்பதில்
ஸ்டியரிங் கையை உதறிக்கொண்டு ஓடப் பார்க்கிறதாம்.
அல் தைத் சாலையில் ஒட்டக வேலி வரை போய்
கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறார்.
இருபத்தாறாம் வருஷத்து வண்டி.
அதற்குத் தெரிந்த சாலைகளில் நாற்பது என்பதே பேராசை.

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா, ஆகஸ்ட்.
நிழலில் கிடந்த ஸ்பானரையும் துணி சுற்றித்தான் எடுக்கவேண்டும்.

துள்ளல் வேறு, ஆட்டம் வேறு.
குல் ஜமானுக்கு இரண்டும் ஒன்று, "ஹில்தா ஹை" என்பான்.
துள்ளுவது பட்டை. ஆடுவது சக்கரம்.
சில சமயம் ஒன்றின் தோளில் மற்றது கைபோட்டுக்கொண்டு வரும்.

முன் மட்காடை அமுக்கி விட்டேன்.
எழுந்தது, அமர்ந்தது, எழுந்தது, அமர்ந்தது,
மூன்றாம் முறையும் எழுந்து பார்த்தது.
ஒரு தடவைதான் உரிமை உண்டு அதற்கு.

இந்த டாம்பரில் எண்ணெய் கிடையாது.
மரத்தட்டும் இரும்புத்தட்டும் மாறிமாறி,
நடுவே ஒரு நட்டு. உரசியே அடக்கும்.
லோக்மானை மீன் மார்க்கெட்டுக்கு அனுப்பி
சுறா நிறுக்கும் கொக்கித் தராசை இரவல் வாங்கினேன்.
கைநுனியில் மாட்டி இழுத்தால்
இடப்பக்கம் பதினோரு கிலோ, வலப்பக்கம் நாலு.
தராசு நாறியது, பொய் சொல்லவில்லை.

இரண்டு கோடையில் மரம் வற்றியிருக்கிறது, சரி.
ஆனால் டாம்பர் ஆட்டத்தைப் பிடித்து வைக்கும், பெற்றெடுக்காது.
தாய் வேறெங்கோ.

ஜாக்கியில் ஏற்றி
சக்கரத்தைத் தலையிலும் காலிலும் பிடித்துக் குலுக்கினேன்.
கிங்பின் வாய் திறக்கவில்லை.
சுற்றிவிட்டு சாக்பீஸ் காட்டினேன்.
ரிம்மில் ஒரு சாண் கோடு, அரை நூல் கோணல்.
அதற்கெல்லாம் யாரும் கையை உதறமாட்டார்கள்.

மதிய பாங்கு. குல் ஜமான் தொழப் போனான்.
நான் வண்டிக்கடியில் படுத்தே இருந்தேன்,
முதுகின் கீழ் ஏதோ ஃப்ரிட்ஜ் வந்த அட்டை.
அப்போதுதான் கண்ணில் பட்டது:
அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே பித்தளை ஆப்பு.
தடித்த பக்கம் பின்னால்.

முன்னால் இருக்கவேண்டும்.
இந்த வண்டியில் கிங்பின் ஏற்கெனவே மல்லாந்து கிடக்கிறது,
அதை நிமிர்த்தத்தான் ஆப்பு.
இது இன்னும் சாய்த்து வைத்திருக்கிறது.
எந்த மடையன் என்று வாய்விட்டே கேட்டேன்.
டார்ச்சைத் திருப்பித் துணியால் துடைத்தேன்.
தடித்த முனையில் பஞ்சால் குத்திய மூன்று புள்ளி.

நான் குத்துவது அது.

இரண்டு வருஷம் முன்பு, ஒரு வியாழன் இரவு,
விடிந்தால் பழைய கார் அணிவகுப்பு என்று நின்றார்.
மாட்டினேன், ஓட்டினேன், கொஞ்சம் ஆடியது.
டாம்பர் நட்டை முடுக்கு முடுக்கென்று முடுக்கினேன், நின்றது.
முந்நூற்றைம்பது திர்ஹம். டிப்ஸ் தனி.
நின்றுவிட்டது என்று நம்பினேனா
அமுக்கி வைத்திருக்கிறேன் என்று அப்போதே தெரியுமா?
ஞாபகம் இல்லை. தூக்கம் வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆப்புக்குத் தமிழில் உள்ள இன்னொரு அர்த்தம்
குல் ஜமானுக்குத் தெரியாது. தனியாகச் சிரித்தேன்.
அவன் வந்து குனிந்து "மிலா?" என்றான்.
கிடைத்தது, என்றேன்.

ஆப்பைத் திருப்பினோம். தட்டுகளை மாற்றினோம்.
இரண்டு பக்கமும் ஏழு கிலோ.
விடிகாலை அதே சாலை. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
நாற்பதில் இரண்டு கையையும் எடுத்துவிட்டேன்.
குல் ஜமான் அல்லாவைக் கூப்பிட்டான்.
வண்டி தன்பாட்டுக்கு நேரே போனது.

ஜாப் கார்டில் 'காரணம்' என்றொரு கட்டம்.
ஆப்பு மாறி மாட்டியது, என்று எழுதினேன்.
யார் மாட்டியது என்பதற்குக் கட்டம் இல்லை.
பில்லில் முந்நூற்றைம்பதைக் கழித்திருக்கிறேன்.
ஐந்து மணிக்கு வருவார், ஏன் குறைவு என்பார்.
கூடினால் கேட்கமாட்டார்,
குறைந்தால் விடமாட்டார், அப்படி ஒரு மனிதர்.