அல்சூர் ஏரி, மாதிரி எண் 17

ஊறுகாய் பாட்டிலில் வந்து சேர்ந்தது ஏரி.
மூடி இன்னும் லேசாய் எலுமிச்சை வாசம்.
ஒரு சொட்டு,
மேலே மெல்லிய கண்ணாடி.
பச்சையாய் ஒரு பிறை.

மோனோராஃபிடியம் என்று எழுதிவிட்டு
டீக்குப் போய்விட்டான் இம்தியாஸ்.
நான் பெரிய லென்ஸுக்குத் திருப்பினேன்.

நடுவில் பச்சை விட்டுப்போன இடம்.
இரு நுனியிலும் குமிழ்,
குமிழுக்குள் பொடிப்பொடியாய்
நடுங்கும் துகள்கள்.

மெட்ரோ போனால் எங்கள் மேசையும் நடுங்கும்.
போகட்டும் என்று காத்திருந்தேன்.
போயிற்று.
மேசை நின்றது.
அவை நிற்கவில்லை.

அவன் எழுத்தை அடித்தேன்:
க்ளோஸ்டீரியம்.
சிற்றினம் என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தேன், எடுத்தேன்.

அதற்குள் ஓரம் காயத் தொடங்கியிருந்தது.
இன்னொரு சொட்டு விட்டேன்,
அதே ஏரியிலிருந்து.